பள்ளி நாளில் மட்டும் வரும் வயிற்றுவலி

என் மகள் முதல் வகுப்பில் சேர்ந்த புதிதில், ஷூ மாட்டும் நேரம் வந்தாலே அவளுக்கு வயிறு வலிக்கும். சனி, ஞாயிறுகளில் வலித்ததே இல்லை. "இன்றைக்குப் போக வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் பத்து நிமிடத்தில் வலி போன இடம் தெரியாது. நடிக்கிறாள் என்றே நானும் முடிவு கட்டியிருந்தேன். அது தவறு என்று புரிவதற்கு இரண்டு மாதங்கள் ஆயின.

பயம் வந்தால் வயிறு கலங்குவது நேர்காணலுக்குப் போகும் பெரியவர்களுக்கும் உள்ளதுதான். ஐந்து வயதுக் குழந்தைக்குத் தனக்குப் பதற்றமாக இருக்கிறது என்று சொல்லத் தெரியாது. வலிக்கிற இடத்தைத்தான் தொட்டுக் காட்டத் தெரியும். மருத்துவரிடம் ஒருமுறை காட்டி உடலில் நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்வது அவசியம். ஆனால் நோய் இல்லை என்பதற்கு வலியே இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது.

ஆசிரியர் திட்டினாரா, யாராவது அடித்தார்களா என்று நாங்கள் பள்ளியையே துருவிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் இரவு விளக்கை அணைத்த பிறகு அவள் கேட்டாள்: "நான் ஸ்கூல்ல இருக்கும்போது பாட்டி செத்துட்டா எனக்கு யாரு சொல்லுவாங்க?" மருத்துவமனையிலிருந்து என் தாயார் திரும்பியிருந்த சமயம் அது. குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து, அவள் எதிரிலேயே எல்லாவற்றையும் பேசியிருந்தோம். தான் இல்லாத வேளையில் வீட்டில் இருப்பவர்களுக்கு ஏதாவது நேர்ந்துவிடுமோ என்ற அச்சமே சில குழந்தைகளை வீட்டோடு கட்டிப்போடுகிறது என்று உளவியலாளர் ஜான் பௌல்பி 1973ஆம் ஆண்டிலேயே எழுதியிருப்பதைப் பிறகுதான் படித்தேன்.

எல்லாக் குழந்தைகளுக்கும் காரணம் வீட்டில்தான் இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கக் கூச்சப்படும் குழந்தை உண்டு. பக்கத்துப் பிள்ளை வாங்கிய திட்டுக்குத் தான் நடுங்கும் குழந்தையும் உண்டு.

எனக்குச் சற்றும் உடன்பாடில்லாத அறிவுரை ஒன்று இருக்கிறது: "குழந்தையின் கவனத்தைத் திருப்பிவிட்டு நைசாக நழுவிவிடுங்கள்." இப்படி ஏமாந்த குழந்தை, கண்ணை எடுத்தால் அம்மா காணாமல் போய்விடுவாள் என்று கற்றுக்கொண்டு, மறுநாள் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. அழுதாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டு, சுருக்கமாக விடைபெற்று, சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்து நிற்க வேண்டும். அதற்காக அழும்போதெல்லாம் விடுப்பு எடுக்க விடுவதும் உதவாது. வீட்டில் இருந்தால் கிடைக்கும் அந்த நிம்மதியே அச்சத்தை உறுதிப்படுத்தி, மறுநாள் கிளம்புவதை மேலும் கடினமாக்கிவிடும்.

பாட்டியின் பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளலாமா என்று மகள் கேட்டாள். கொடுத்தோம். சில வாரங்கள் தினமும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினாள். பிறகு ஒரு நாள் திறந்து பார்த்தேன். உள்ளே பென்சில் சீவல்கள் நிரம்பியிருந்தன.