பாட்டியின் அண்ணன் பார்க்கப் போன படம்

ஞாயிற்றுக்கிழமை திரையிடலில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. பாதிப் பேர் அங்கேதான் இருந்தீர்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரனிடம் பிடிபட்ட பிரிட்டிஷ் கைதிகள் ரயில் பாலம் கட்டுகிற கதை ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’. அந்தப் படத்தில் தமிழர்கள் எங்கே என்று கேட்டேன், அவ்வளவுதான். “இது தளபதிகளின் கதை, உங்க குடும்பக் கதையை இதில் தேடாதீங்க” என்று பதில் வந்தது. கைதட்டல் வேறு.

சரி, தளபதி கதையையே பேசுவோம். அதிகாரிகள் கூலி வேலை செய்யக் கூடாது என்று கர்னல் நிக்கல்சன் ஜெனீவா ஒப்பந்தத்தை எடுத்து நீட்டுகிறார். அலெக் கின்னஸ் நடிப்பை யார் குறை சொன்னது? ஆனால் எங்கள் ஆட்களிடம் நீட்ட என்ன காகிதம் இருந்தது?

படத்தில் வரும் பாலம், ஜப்பான்காரன் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பாதையைச் சேர்ந்தது. பாதை 415 கிலோமீட்டர். செத்த போர்க்கைதிகள் 12,000க்கு மேல். செத்த ஆசியக் கூலிகள் சுமார் 90,000 என்கிறார்கள், அதில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஏராளம். இவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கைதிகளின் கல்லறைகளைப் பேர் பொறித்து, புல் வெட்டி அழகாக வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். என் பாட்டியின் அண்ணன் பேரை எந்தக் கல்லில் தேடுவது?

அவர் எப்படிப் போனார் தெரியுமா? ஜப்பான்காரன் ஓசியில் படம் காட்டுகிறான் என்று துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனார். கொட்டகை வாசலில் லாரி நின்றது. அவருக்கென்று எடுத்து வைத்த மரவள்ளிக்கிழங்கை மறுநாள் மத்தியானம் வரை யாரும் தொடவில்லையாம். சோறே கிடைக்காத காலம் அது.

“கற்பனை நாவலை வைத்து எடுத்த படம்தானே சார்” என்பீர்கள். தெரியும். எழுதிய பியர் பூல் போருக்கு முன்னால் மலாயா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பால்மரம் வெட்டியது யாரென்று அவருக்குத் தெரியாதா? படம் எடுத்ததும் இலங்கையில், கித்துல்கலவில். மலையகத் தமிழர்கள் வாழும் அட்டன் போகிற வழி! அப்படியும் படத்தில் நம்மூர் முகம் ஒன்றில்லை. சயாம் பெண்கள் வருகிறார்கள், கமாண்டோக்களுக்கு மூட்டை தூக்க. அதற்கு ஏழு ஆஸ்கர்.

“1957இல் அதெல்லாம் யார் யோசிப்பார்கள்?” சரி, யோசித்திருக்க மாட்டார்கள். நான் கேட்டது இந்த ஞாயிற்றுக்கிழமை. “நீங்களே ஒரு படம் எடுங்களேன்” என்பவர்கள் காசு அனுப்புங்கள், எடுக்கிறேன்.

வெள்ளைக்காரன் நம்மை விட்டதில்கூட எனக்கு இவ்வளவு கோபமில்லை. அன்றைக்குக் கைதட்டியவர்களில் ஒருவன் என் சித்தி மகன். அந்தக் கிழங்குக் கதையை அவனும் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்டான்.