மலையடிவார மருத்துவமனைக்கு மகப்பேறு தெரிந்த குடும்ப மருத்துவர் வேண்டும்

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறும் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70. இந்த வளைவுகளில் பிரசவ வலியோடு ஒரு பெண் 108 வண்டியில் கீழே இறங்குவதை நம் கொங்கு மாவட்டங்களில் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. வண்டியிலேயே குழந்தை பிறந்துவிட்டால் மட்டும் நாளிதழில் இரண்டு பத்தி செய்தி வரும். ஓட்டுநரையும் மருத்துவ உதவியாளரையும் பாராட்டுவோம். அவர்கள் பாராட்டுக்குரியவர்கள்தான். ஆனால் அந்தப் பெண் ஏன் கீழே இறங்க வேண்டியிருந்தது என்ற கேள்வி அந்தப் பாராட்டோடு முடிந்துபோகிறது.

கோபி வட்டாரத்தில் குடும்ப மருத்துவம் பார்த்து வருபவன் என்ற முறையில் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். குடும்ப மருத்துவத்தில் பட்ட மேற்படிப்பு முடித்தவர்களுக்கு, சிசேரியன் உட்பட அவசர மகப்பேறு சிகிச்சை முழுவதிலும் ஓராண்டு முழுநேர ஃபெலோஷிப் பயிற்சி அளித்து, மலைமேலும் மலையடிவாரத்திலும் உள்ள அரசு மருத்துவமனைகளில் அவர்களை நிரந்தரமாக அமர்த்த வேண்டும்.

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஏற்பாடன்று. அமெரிக்காவில் மூன்றாண்டு குடும்ப மருத்துவப் பயிற்சியை முடித்தவர்கள், விரும்பினால் மேலும் ஓராண்டு மகப்பேறு ஃபெலோஷிப்பில் சேரலாம். அலபாமா பல்கலைக்கழகத்தின் டஸ்கலூசா வளாகம் போன்ற இடங்களில் இந்தப் பயிற்சி நடைபெற்று வருகிறது. சிசேரியன், வேக்யூம் (குழந்தையின் தலையில் உறிஞ்சு கிண்ணம் பொருத்தி இழுத்தெடுத்தல்), ஸ்கேன் பார்த்தல், கடுமையான கிழிசல்களைத் தைத்தல், கர்ப்பகால ரத்த அழுத்தத்தைக் கையாளுதல் ஆகியவற்றை மூத்தவர்களின் கண்காணிப்பில் தம் கையாலேயே செய்து பழகிய பிறகுதான் அவர்கள் சிற்றூர் மருத்துவமனைகளுக்குச் செல்கிறார்கள். இந்தத் தேவைக்கு அங்கே ஒரு காரணம் உண்டு. 2000ஆம் ஆண்டில் அந்நாட்டுக் குடும்ப மருத்துவர்களில் 23 சதவீதத்தினர் பிரசவம் பார்த்தார்கள். 2010இல் அது பத்து சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. சிற்றூர் மருத்துவமனைகளில் பிரசவப் பிரிவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. உலகம் முழுவதும் மகப்பேறு அவசரநிலைப் பயிற்சிக்குப் பயன்படும் 'ஆல்சோ' என்ற குறுகிய படிப்பும், 1991இல் விஸ்கான்சின் மாநிலத்துக் குடும்ப மருத்துவர்கள் தொடங்கியதுதான். ஆஸ்திரேலியாவில் கிராமப்புறப் பொது மருத்துவர்கள் மகப்பேற்றில் மேல்நிலைப் பட்டயம் பெற்று சிசேரியன் செய்வது இன்றும் சாதாரண நடைமுறை.

நம்மிடம் எதுவுமே இல்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. எம்.பி.பி.எஸ். முடித்த அரசு மருத்துவர்களுக்கு அவசர மகப்பேறு சிகிச்சையில் 16 வாரப் பயிற்சியும், உயிர்காக்கும் மயக்க மருந்துப் பயிற்சி 18 வாரமும் தரும் திட்டங்களை மத்திய அரசு இரு பத்தாண்டுகளுக்கு முன்பே தொடங்கியது. நல்ல எண்ணத்தில் பிறந்த திட்டங்கள் அவை. ஆனால் பயிற்சி பெற்றவர்களில் பலர் அறுவை அரங்கமே இல்லாத இடங்களில் அமர்த்தப்பட்டார்கள். மயக்க மருந்து கற்றவர் ஓர் ஊரிலும் சிசேரியன் கற்றவர் வேறோர் ஊரிலும் இருந்தார்கள். கற்ற கை ஓராண்டு சும்மா இருந்தால் கத்தியை எடுக்கும் துணிவு தானாகவே போய்விடும். இதோடு டி.ஜி.ஓ. என்ற இரண்டாண்டு மகப்பேறு மருத்துவப் பட்டயப் படிப்பின் இடங்களும் எம்.எஸ். என்ற பட்ட மேற்படிப்பு இடங்களாக மாற்றப்பட்டன. வட்ட மருத்துவமனைகளில் பல ஆண்டுகளாகப் பிரசவங்களைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் டி.ஜி.ஓ. படித்த அரசு மருத்துவர்களே. அந்த ஊற்று வற்றியதன் விளைவை மாவட்டத் தலைநகரத்தில் இருப்பவர்கள் உடனே உணர மாட்டார்கள். அந்தியூர் வழியாகப் பர்கூர் மலைக்குப் போனால் தெரியும். தேசியத் தேர்வு வாரியம் 2020இல் இரண்டாண்டுப் பட்டயங்களை மீண்டும் தொடங்கியது நல்ல செயல்தான் என்றாலும், அதில் சேர்பவர் மலைக்கு வருவார் என்பதற்கு எந்த ஏற்பாடும் அதில் இல்லை.

இந்தப் பயிற்சி எதை மாற்றும் என்பதை ஒரு பிரசவ அறைக்குள் நின்று பார்த்தால்தான் விளங்கும். கர்ப்பப்பை வாய் முழுவதும் திறந்துவிட்டது, குழந்தையின் தலை வாசலுக்கு வந்துவிட்டது, தாய் முக்கி முக்கிக் களைத்துவிட்டார், நிமிடத்துக்கு 140 இருந்த குழந்தையின் இதயத்துடிப்பு 80க்கு இறங்கி அங்கேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேக்யூம் தெரிந்த மருத்துவர் விரலால் தடவித் தலையின் பின் உச்சிக்குழியைக் கண்டுபிடிப்பார். அதிலிருந்து மூன்று சென்டிமீட்டர் முன்னால், தலையின் நடுக்கோட்டின் மேல் கிண்ணத்தின் மையம் அமரும்படி வைப்பார். விளிம்பில் தாயின் சதை சிக்கியிருக்கிறதா என்று விரலைச் சுற்றிவரச் செய்து பார்ப்பார். பிறகு வலி வரும்போது மட்டும், தாய் முக்கும்போது மட்டும் இழுப்பார். மூன்று இழுப்பில் தலை இறங்கி வர வேண்டும். வராவிட்டால் நிறுத்திவிட்டு சிசேரியனுக்குப் போக வேண்டும். நான்காவது, ஐந்தாவது என்று பிடிவாதம் பிடிப்பவர் கையில் குழந்தையின் மண்டையோட்டுக்கு மேல் ரத்தம் கட்டிவிடும். எப்போது வைப்பது, எப்போது விடுவது என்ற இந்த இரண்டு முடிவுகளும் புத்தகத்திலிருந்து வருவதில்லை. அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்க, பல இரவுகள் செய்து பார்த்தவருக்குத்தான் வரும். தெரிந்தவர் இருந்தால் பத்து நிமிடத்தில் குழந்தை அழும். தெரிந்தவர் இல்லாவிட்டால் ரெஃபர் சீட்டு எழுதப்பட்டு, அந்த 80 துடிப்போடு வண்டி மலை இறங்கத் தொடங்கும்.

குழந்தை பிறந்த பிறகான ரத்தப்போக்கும் இப்படித்தான். துணியிலும் தரையிலும் சிந்தும் ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடும்போது பெரும்பாலும் உள்ளதைவிடக் குறைவாகவே மதிப்பிடுகிறோம். தாயின் இடுப்புக்கு அடியில் விரிக்கும், அளவுக் கோடுகள் போட்ட ஒரு பிளாஸ்டிக் பை இந்தத் தவறைத் தடுக்கிறது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு ஒன்று, அந்தப் பையோடு கர்ப்பப்பையைத் தேய்த்துவிடுதல், கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின், ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் டிரானெக்ஸாமிக் அமிலம், சலைன், ரத்தம் வரும் இடத்தைத் தேடிப் பார்த்தல் ஆகியவற்றை ஒன்றுக்குப்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் ஒரே மூச்சில் செய்தால், கடுமையான ரத்தப்போக்கும் அதனால் வரும் விபரீதங்களும் 60 சதவீதம் குறைவதாகக் காட்டியது. இவை அனைத்தும் மலிவானவை, ஸ்டாஃப் நர்சும் செய்யக்கூடியவை. இவற்றுக்கும் அடங்காத சில தாய்மார்கள் இருப்பார்கள். அவர்களுக்குக் கர்ப்பப்பைக்குள் பலூன் வைக்கவும், வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை அழுத்தித் தையல் போடவும் தெரிந்த ஒருவர் அதே கட்டடத்தில் இருக்க வேண்டும்.

இந்த யோசனைக்கு எதிராக நான் அடிக்கடி கேட்கும் வாதம், தமிழ்நாட்டில் ஏற்கெனவே சிசேரியன் மிகுதியாக நடக்கிறதே, அதைச் செய்ய இன்னும் ஆட்களை உருவாக்குவதா என்பது. வாதத்தின் முதல் பாதி முழுக்க உண்மை. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 21.5 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன், தமிழ்நாட்டில் 44.9 சதவீதம், தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைகளில் 60 சதவீதத்தையும் தாண்டுகிறது. கோவையிலும் ஈரோட்டிலும் நல்ல நாள், நல்ல நேரம் குறித்துக்கொண்டு வந்து அறுவைக்குத் தேதி கேட்கும் குடும்பங்களை எல்லா மருத்துவர்களும் பார்த்திருப்பார்கள். ஆனால் மாநிலச் சராசரி என்பது, தேவையில்லாமல் அறுக்கப்பட்ட வயிற்றையும் தேவைப்பட்டும் நேரத்துக்கு அறுக்க ஆளில்லாத வயிற்றையும் ஒரே கணக்கில் கூட்டிய எண். நகரத்து மிகுதியால் கடம்பூர் மலைக்காரருக்கு ஒரு பயனும் இல்லை. மேலும், சிசேரியன் மட்டுமே தெரிந்தவர் எல்லாவற்றுக்கும் சிசேரியனையே நாடுவார். வேக்யூம் தெரிந்தவருக்கும், தலை மேலாகவும் புட்டம் கீழாகவும் இருக்கும் குழந்தையை வெளியிலிருந்தே திருப்பத் தெரிந்தவருக்கும், முதல் சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவத்துக்குத் தகுதியானவர் யார் என்று தேர்ந்தெடுக்கத் தெரிந்தவருக்கும் வேறு வழிகள் இருக்கின்றன. ஃபெலோஷிப்பின் பாடத்திட்டத்தில் இவற்றுக்கு சிசேரியனுக்கு இணையான இடம் தராவிட்டால் நானே அந்தத் திட்டத்தை எதிர்ப்பேன்.

மகப்பேறு மருத்துவர்களின் தயக்கத்தையும் நான் மதிக்கிறேன். அரைகுறைப் பயிற்சியோடு ஒருவர் வயிற்றைத் திறந்து, முடிக்க முடியாமல் திணறி, கடைசியில் தங்களிடம் அனுப்பிவைப்பார் என்ற அவர்களின் அச்சம் அனுபவத்திலிருந்து வருவது. அதனால்தான் 16 வாரம் போதாது, ஓராண்டு வேண்டும் என்கிறேன். கோவை அரசு மருத்துவக் கல்லூரி, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி போன்ற, பிரசவ எண்ணிக்கைக்குக் குறைவில்லாத இடங்களில் மகப்பேறு மருத்துவர்களே இந்தப் பயிற்சியை நடத்த வேண்டும்; அவர்கள் கையெழுத்திடாமல் ஒரு அறுவையும் பயிற்சிக் கணக்கில் ஏறக் கூடாது; எவற்றைத் தொடவே கூடாது என்பதும் எழுதி வைக்கப்பட வேண்டும். முன்பு சிசேரியன் நடந்தவருக்கு நஞ்சுக்கொடி கீழிறங்கி அந்தத் தழும்பின் மேல் ஒட்டியிருந்தால், ஸ்கேனில் தெரிந்த அன்றே கோவைக்கு அனுப்பிவிட வேண்டும். மயக்க மருந்து கொடுப்பவரும் ரத்த சேமிப்பு அறையும் இல்லாத மருத்துவமனையில் இப்படி ஒருவரை அமர்த்துவது பழைய தவறையே திரும்பச் செய்வதாகும். பயிற்சி முடிந்த பிறகும் ஆண்டுக்குச் சில வாரங்கள் கல்லூரி மருத்துவமனைக்குத் திரும்பி வந்து கைப்பழக்கத்தைக் காத்துக்கொள்ள வழி வேண்டும். ஒருவரை மட்டும் அமர்த்தினால் அவர் இரண்டாண்டில் உடைந்துபோவார் என்பதால், இருவராக அமர்த்த வேண்டும்.

குடும்ப மருத்துவரே ஏன், மகப்பேறு மருத்துவரையே அமர்த்தலாமே என்று கேட்கலாம். வந்தால் மகிழ்ச்சி. ஆனால் மாதத்துக்குச் சில டஜன் பிரசவங்களே நடக்கும் ஒரு மலை மருத்துவமனையில் மகப்பேறு நிபுணர் ஒருவருக்கு நாள் முழுவதற்குமான வேலை இல்லை. குடும்ப மருத்துவருக்கு உண்டு. அவர் காலையில் சர்க்கரை நோயாளிகளைப் பார்ப்பார், குழந்தையின் காய்ச்சலைப் பார்ப்பார், மலை ஏற முடியாத முதியவரைப் பார்ப்பார், இரவில் பிரசவமும் பார்ப்பார். தொடர்ச்சியும் முக்கியம். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்று 2007இலேயே ஆணையிட்ட மாநிலம் நம்முடையது. ஆனால் கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர், பிரசவத்துக்குப் பிறகு ஆறாவது வாரத்தில் மீண்டும் பரிசோதனைக்கு வருவது அரிது. பிள்ளை பிறந்தவுடன் அவர் மகப்பேறு மருத்துவரின் கணக்கிலிருந்து போய்விடுகிறார். அதே ஊரில் அவருடைய மாமியாரின் ரத்த அழுத்தத்தையும் கைக்குழந்தையின் தடுப்பூசியையும் கவனிக்கும் மருத்துவருக்கு, "உனக்கு ஒரு டெஸ்ட் பாக்கி இருக்குது கண்ணு" என்று நினைவுபடுத்தும் வாய்ப்பு வாரந்தோறும் கிடைக்கும். பரிசோதனைக்குத் தன் மனைவியை அழைத்து வந்த ஒருவர் என்னிடம், "ஏனுங் டாக்டர், நம்ம ஊர்லயே பாக்கற மாதிரி ஆளு வரவே மாட்டாங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டது நிபுணரை மட்டுமன்று, ஊரில் இருக்கும் ஒருவரை.

2018–20க்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஒரு லட்சம் பிறப்புகளுக்குத் தமிழ்நாட்டில் 54 தாய்மார்கள் இறந்தார்கள்; இந்தியாவில் 97. பெருமைப்படலாம். அதே கணக்கில் கேரளத்தில் 19 என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில் நடக்கும் ஒரு மாநிலத்தில் இனி குறைய வேண்டிய இறப்புகள், எந்த மருத்துவமனையில், எவ்வளவு நேரத்துக்குள், யார் கையில் என்பவற்றைப் பொறுத்தவை.

மலைக்கு யார் வருவார்கள் என்பது கடைசிக் கேள்வி. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத இடம் ஒதுக்கும் சட்டம் 2020இல் வந்தது. அதன் வழியாகச் சேர்ந்த முதல் அணியினர் எம்.பி.பி.எஸ். படிப்பை முடித்து வெளியே வரும் காலம் இது. நம் மேற்கு மாவட்டங்களின் சிற்றூர்ப் பள்ளிகளிலிருந்து போன பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அவர்கள் அடுத்து என்ன படிப்பது என்று முடிவெடுக்கும் இந்த வேளையிலேயே, மூன்றாண்டுக் குடும்ப மருத்துவமும் அதைத் தொடர்ந்த ஓராண்டு மகப்பேறு ஃபெலோஷிப்பும், அது முடிந்தவுடன் சொந்த வட்டாரத்து மருத்துவமனையில் குடியிருப்போடு கூடிய நிரந்தரப் பணியும் என்று எழுத்தில் உறுதி கொடுக்கும் ஓர் அரசாணையை மக்கள் நல்வாழ்வுத் துறை வெளியிட வேண்டும்.