மின்சாரமே இல்லாமல் கடல்நீர் குடிநீராகுமா?

‘கிராஃபீன் சவ்வு வந்துவிட்டது, இனி மின்சாரமே இல்லாமல் கடல்நீரைக் குடிநீராக்கலாம்’ என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. (கிராஃபீன் என்பது ஒரே ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள்.) கடல்நீரின் சவ்வூடுபரவல் அழுத்தம், அதாவது சவ்வின் வழியே நன்னீரை உப்புநீரின் பக்கம் இழுக்கும் அழுத்தம், ஏறத்தாழ 27 பார் (காற்றழுத்தத்தைப்போல் சுமார் 27 மடங்கு). அதை மிஞ்சி அழுத்தினால்தான் நன்னீர் மறுபுறம் வரும் என்பதால், எவ்வளவு சிறந்த சவ்வானாலும் இந்த எல்லையைக் குறைக்க முடியாது. கடல்நீரில் பாதியை நன்னீராகப் பிரிக்க, கோட்பாட்டளவிலேயே, கன மீட்டருக்கு 1 யூனிட்டுக்குச் சற்று அதிகமான ஆற்றல் தேவை. இன்றைய நல்ல ஆலைகள் 3 முதல் 4 யூனிட் வரை செலவிடுகின்றன.

உண்மையான முன்னேற்றம் நம் மதிப்புக்குரியது. 1970களில் அமெரிக்க வேதியியலாளர் ஜான் கடோட் உருவாக்கிய முறையின் வழிவந்த, இன்றைய சவ்வுகளில் உப்பைத் தடுக்கும் பாலிஅமைடு என்ற பாலிமர் படலம், தலைமுடியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மெல்லியதாக இருந்தும், 99 சதவீதத்துக்கும் மேலான உப்பைத் தடுத்துவிடுகிறது. மின்செலவு குறைந்ததில், வெளியேறும் உவர்நீரின் அழுத்தத்தை உள்ளே வரும் நீருக்கு மாற்றித்தரும் கருவிகளுக்கும் பெரும்பங்கு உண்டு.