இந்தியப் பாஸ்போர்ட்டில் கண்டம் தாண்டணுமா? டிக்கெட் கடைசி

வேலைக்கு ஆறு மாதம் லீவு போட்டுவிட்டுத் தனியாக உலகம் சுற்றக் கிளம்புகிறவர்களின் திட்டம் பெரும்பாலும் ஒரே அச்சு. முதலில் பாங்காக், ஹனோய். பிறகு இஸ்தான்புல், ஐரோப்பாவில் இரண்டு மாதம். அங்கிருந்து லீமா, கடைசியில் நைரோபி வழியாக வீடு. "விசாவெல்லாம் போற வழியில வாங்கிக்கலாம்" என்று ஒரு வரி வேறு. ஜெர்மன்காரரும் ஆஸ்திரேலியரும் எழுதிய குறிப்புகளைப் பார்த்துப் போட்ட திட்டம் அது. நம் பாஸ்போர்ட்டில் ஓடாது.

ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பொதுவாக நீங்கள் சட்டப்படி வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க முடியும். ஹனோயில் சுற்றுலாப் பயணியாக இருந்துகொண்டு போய் நின்றால் ஊருக்குப் போய் விண்ணப்பிக்கச் சொல்வார்கள். 2025 செப்டம்பர் முதல் அமெரிக்காவும் சொந்த நாட்டில் அல்லது வசிக்கும் நாட்டில்தான் நேர்காணலுக்கு வரச் சொல்கிறது. ஆக, கடினமான விசாக்கள் எல்லாம் கிளம்பும் முன்பே கையில் இருக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல்: ஷெங்கனுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதத்துக்கு மேல் முன்னதாக விண்ணப்பம் போட முடியாது. அதனால் ஐரோப்பாவைப் பயணத்தின் முன்பாதியில் வையுங்கள், கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

என்னைக் கேட்டால் முதலில் வாங்க வேண்டியது அமெரிக்க விசா, அமெரிக்கா போகும் எண்ணம் பெரிதாக இல்லாவிட்டாலும். பி1/பி2 என்கிற சுற்றுலா, தொழில் பயண விசாவை வழக்கமாக 10 வருடத்துக்குத் தருகிறார்கள். அது செல்லுபடியாக இருந்தால் மெக்ஸிகோவுக்குத் தனி விசா வேண்டாம். பெருவுக்கும் வேண்டாம், ஆனால் அந்த விசாவில் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். துருக்கி ஈ-விசா வீட்டிலிருந்தே கிடைக்கும். ஷெங்கனை வைத்தும் இவற்றில் நுழையலாம் என்பது உண்மைதான். ஆனால் முதல் முறை விண்ணப்பிப்பவருக்கு 25 நாள், 30 நாள் என்று அளந்து தருவார்கள். லீமா போய்ச் சேரும்போது அது காலாவதி ஆகியிருக்கும்.

ஷெங்கன் ஸ்டிக்கர் கைக்கு வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள். தேதிகள் மார்ச் 1 முதல் ஏப்ரல் 14 வரை, தங்கும் நாள் 30 என்றிருந்தால், அந்த 45 நாளுக்குள் எந்த 30 நாளும் உங்களுடையது. 45 நாளும் தங்கலாம் என்று அர்த்தமில்லை. இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். நுழைவு எண்ணிக்கையில் 1 என்று இருந்தால், நடுவில் லண்டனுக்கோ இஸ்தான்புல்லுக்கோ எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது. பலர் மாட்டுவது இங்கேதான். பலமுறை நுழையலாம் என்பதற்கான MULT இருந்தாலும் எந்த 180 நாளை எடுத்தாலும் 90-ஐத் தாண்டக் கூடாது.

இதற்கெல்லாம் முன்னால், நம் ஊருக்கே உரிய தலைவலி ஒன்று: பெயர். பாஸ்போர்ட்டில் 'முருகன்' என்று ஒற்றைப் பெயர் மட்டும் இருந்து குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் முருகன் குடும்பப் பெயர் ஆகிவிடும், முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியாது) என்று அச்சாகும். ஒரு விமான நிறுவனம் 'முருகன் முருகன்' என்று பதியச் சொல்லும், இன்னொன்று வேறு மாதிரி சொல்லும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்க்காரர்களின் சுற்றுலா விசாவுக்கே தடை போட்டது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகுதான் தளர்த்தினார்கள். இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராக வைத்து மறுவெளியீடு வாங்கிவிடுங்கள், முதல் விசாவுக்கு முன்பே. அப்படியே 60 பக்கப் புத்தகமாகக் கேளுங்கள். சாதாரணக் கட்டணம் 2,000 ரூபாய், 36 பக்கத்தைவிட 500 தான் அதிகம்.

டிக்கெட்டுக்கு வருவோம். எல்லை என்பது குடியேற்ற அதிகாரி முன்னால் தொடங்குவதில்லை, செக்-இன் கவுண்டரிலேயே தொடங்கிவிடுகிறது. தகுதியில்லாத ஆளை ஏற்றினால் அபராதம் விமான நிறுவனத்துக்கு, அதனால் அவர்கள் இரக்கம் பார்ப்பதில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு தனித்தனி டிக்கெட் போட்டு லண்டனில் மாறினால், பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டும். வெளியே வரப் பொதுவாக பிரிட்டன் விசா வேண்டும். அமெரிக்க விமான நிலையம் வழியாகப் போவதற்கோ, வெளியே வராவிட்டாலும் விசா கட்டாயம். அமெரிக்க விசா கிடைக்காதவர்கள் ஐரோப்பாவிலிருந்து லீமாவுக்கு மாட்ரிட் நேரடி விமானத்தைப் பாருங்கள். தென் அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு, சாவ் பாவ்லோவிலிருந்து அடிஸ் அபாபாவுக்கு எத்தியோப்பியன் பறக்கிறது. பிரேசிலுக்கு மட்டும் விசா விதியைத் தனியாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

'உலகச் சுற்று டிக்கெட்' நமக்கு வேண்டாம் என்பேன். கிழக்கோ மேற்கோ ஒரே திசையில் போக வேண்டும், அட்லாண்டிக், பசிபிக் இரண்டையும் தாண்ட வேண்டும். ஒரு விசா மறுக்கப்பட்டால் மொத்தமும் ஆட்டம் காணும்.

பெரு, கென்யா, எத்தியோப்பியா எதைத் தொட்டாலும் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அந்த நாடு கேட்கிறதோ இல்லையோ, திரும்பி வரும்போது நம் இந்தியா கேட்கும். சான்றிதழ் இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும்; சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும், அதன்பின் ஆயுள் முழுக்க. 2016-க்கு முந்தைய, 10 வருடம் என்று எழுதிய சான்றிதழ்ப் புத்தகத்தையும் தூக்கிப் போடாதீர்கள், அதுவும் செல்லும். 60 வயது தாண்டியவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் போகிறவர்களுக்கு 100 டாலரில் 90 நாள் கூட்டு விசா உண்டு. வாங்கிக் கொடுத்த நாட்டில்தான் முதலில் இறங்க வேண்டும். நடுவில் தான்சானியாவுக்குப் போனால் அதோடு முடிந்தது.

பணம்: கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆப்பில் நீங்களே திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முதல் ஏடிஎம்மிலேயே மறுக்கும். "ரூபாயில் கட்டவா?" என்று மெஷின் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி உள்ளூர் நாணயத்தைத் தேர்ந்தெடுங்கள். டாலர் நோட்டு வாங்கும்போது அச்சான வருடத்தைப் பாருங்கள். பழைய நோட்டு, ஓரம் கிழிந்தது, பேனாக் கிறுக்கல் உள்ளது எதையும் கிழக்கு ஆப்பிரிக்காவில் தொட மாட்டார்கள்.