எதிர்பார்த்தது என் குற்றமா?

எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போனால் எந்த அறிவியல் புனைகதைப் படமும் பிடித்துவிடும் என்கிறார் நான் படித்த ஒரு கட்டுரையை எழுதியவர். ரிட்லி ஸ்காட்டின் 'ப்ரொமிதியஸ்' (2012) படத்தை இரண்டாம் முறை அப்படித்தான் பார்த்தேன். பலிக்கவில்லை. வேற்றுலகத்துக்குப் போன ஆய்வுக் குழுவில், பறக்கும் கருவிகளை ஏவிக் குகையை அளந்தவரே வழி தெரியாமல் தொலைந்துபோகிறார். கூட இருக்கும் உயிரியலாளர், செத்துக் கிடந்த உடலைக் கண்டு மிரண்டு திரும்பியவர். அப்புறம் பாம்பு மாதிரி தலை தூக்கும் ஒன்றைப் பூனைக்குட்டியாக நினைத்துக் கை நீட்டிக் கொஞ்சுகிறார்! இதற்கு எவ்வளவுதான் குறைத்துக்கொள்வது?

படம் முழுக்கக் குப்பை என்றால் கோபமே வந்திருக்காது. விண்கலத்தில் எல்லோரும் உறக்கத்தில் இருக்க, மனித உருவ ரோபோவான டேவிட் தனியாகச் சைக்கிள் ஓட்டியபடி பந்தைக் கூடையில் போடுகிறானே, அந்தத் தொடக்கம் அற்புதம். டேவிடாக நடித்த ஃபாஸ்பெண்டருக்காகவே மூன்றாம் முறையும் பார்ப்பேன், அது வேறு விஷயம். இதன் தொடர்ச்சியாக 2017இல் வந்த 'கவனன்ட்' இன்னும் மோசம். தெரியாத கிரகத்தில் தலைக்கவசம்கூட இல்லாமல் இறங்கி நடக்கிறார்கள். இதே இயக்குநரின் 1979 'ஏலியன்' படத்தில், 24 மணி நேரம் தனிமைப்படுத்த வேண்டும் என்று சொல்லி, சொந்தக் கேப்டனுக்கே கதவைத் திறக்க மறுத்தவள் கதாநாயகி ரிப்ளி.