வன்னிக்குத் தனி கனடா விசா ஒதுக்கீடு இல்லை

கிளிநொச்சி, முல்லைத்தீவு பக்க வட்சப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. கனடாத் தூதரகம் வன்னி மக்களுக்குத் தனி ஒதுக்கீடு வைத்திருக்கிறதாம். முகவரிடம் முற்பணம் கட்டினால் விசா உறுதியாம். இது பொய்.

வருகையாளர் விசாவில் மாவட்டத்துக்கு ஒதுக்கீடு என்று எதுவும் கிடையாது. கனடா அரசின் குடிவரவு இணையத்தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். படிவங்கள் இலவசம். விண்ணப்பக் கட்டணம் 100 கனேடிய டொலர், கைரேகைக்கும் படத்துக்கும் 85 டொலர். கைரேகை கொடுக்க விசா விண்ணப்ப நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே வேலை செய்பவர்கள்கூட முடிவெடுப்பதில்லை. கனடாவின் குடிவரவு அதிகாரிதான் முடிவெடுக்கிறார். அப்படியிருக்க, ஊரில் உள்ள முகவர் எதை உறுதி செய்வார்? காணி உறுதியையும் நகையையும் அடகு வைத்துக் கட்டும் காசு என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கடவுச்சீட்டையும் யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள்.

வெளிநாட்டு வேலை என்று சொன்னால், அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேளுங்கள்.

தகவல் உங்களுக்கு வந்திருந்தால் தயவுசெய்து மேலும் பகிர வேண்டாம். அனுப்பியவருக்கும் இந்த விளக்கத்தைச் சொல்லுங்கள்.