புது மாடல் வந்தாச்சு, மாத்திடலாமா?

"அண்ணே, புது மாடல் வந்தாச்சு. மாத்திடலாமா?"

மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது எங்கள் அலுவலகத்தில் இந்தக் கேள்வி எழும். கேட்பது மென்பொருள் வேலை பார்க்கும் தம்பி. காலையில் அறிவிப்பைப் படித்திருப்பார், மதியத்துக்குள் கை அரிக்க ஆரம்பித்துவிடும். நான் சரி என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. "பரீட்சை வெச்சியா?" என்று மட்டும் கேட்பேன். முகம் சுண்டிப் போகும்.

வாடிக்கையாளர் கடிதங்களை வகை பிரிப்பது, பதிலுக்கு வரைவு போடுவது, ஒப்பந்தங்களைப் படித்துச் சுருக்கம் எடுப்பது. இந்த மூன்று வேலைக்கும் 2023 தொடக்கத்திலிருந்து சாட்பாட் மாடல்களை, அதாவது நாம் எழுதுவதைப் படித்துப் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களை, வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறோம். சில மாற்றங்களைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன். சிலவற்றால் தூக்கம் போயிருக்கிறது. பழசு நல்லதா புதுசு நல்லதா என்று இங்கே தினமும் பட்டிமன்றம் நடக்கிறது. அதில் கவிதை எழுத வைத்துப் பார்த்தவர்கள், கணக்குப் போட வைத்துப் பார்த்தவர்கள் எல்லாரும் பேசுகிறார்கள். அதன் பதிலைத் தன் பெயரில் வாடிக்கையாளருக்கு அனுப்புகிறவன் குரல் குறைவாகத்தான் கேட்கிறது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

புதியவற்றுக்குச் சேர வேண்டிய பாராட்டை முதலில் கொடுத்துவிடுகிறேன்.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்தபோது அதற்குள் ஓடியது ஜிபிடி-3.5. அந்தக் காலத்து மாடல்களின் கான்டெக்ஸ்ட் விண்டோ, அதாவது ஒரே நேரத்தில் கண் முன் விரித்து வைத்துக்கொள்ளக்கூடிய அளவு, நாலாயிரம் டோக்கனை (எழுத்தை நறுக்கிய துண்டு, பின்னால் விளக்குகிறேன்) ஒட்டித்தான். நாம் கேட்பது, ஒட்டுகிற ஆவணம், அது சொல்லும் பதில் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 22 பக்க ஒப்பந்தம் ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டி ஊட்டினோம். ஒவ்வொரு துண்டுக்கும் வந்த சுருக்கம் பிசகில்லாமல் இருந்தது. ஆனால் நான்காம் பக்கத்தில் 30 நாளில் பணம் என்றும், பின்னால் இருந்த இணைப்பில் 45 நாள் என்றும் இருந்ததை அது சொல்லவே இல்லை. எப்படிச் சொல்லும்? இரண்டு பக்கத்தையும் அது ஒன்றாகப் பார்க்கவே இல்லையே.

2023 நவம்பரில் ஜிபிடி-4 டர்போ 1,28,000 டோக்கனோடு வந்தது. அதே மாதம் ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் கிளாட் 2.1 இரண்டு லட்சத்தோடு வந்தது. 2024 பிப்ரவரியில் கூகுளின் ஜெமினி 1.5 பத்து லட்சம் என்றது. எங்கள் பழைய ஒப்பந்தத்தைத் தூசி தட்டி எடுத்து முழுசாகக் கொடுத்துப் பார்த்தோம். சுருக்கத்தின் முதல் பத்தியிலேயே, உடன்படிக்கையில் உள்ள கெடுவும் இணைப்பில் உள்ள கெடுவும் ஒத்துப்போகவில்லை என்று வந்து விழுந்தது. கணக்குப் பிரிவு அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இத நான் மூணு தடவ படிச்சேன் சார். கண்ணுல படவே இல்ல."

(விண்டோ பெரிது என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடு படிக்கும் என்று நம்பிவிட வேண்டாம். தலையும் வாலும் நினைவில் நிற்கும், நடுவில் இருப்பதைக் கோட்டைவிடும். 2023-லேயே ஆய்வாளர்கள் இதைச் சோதித்துக் காட்டிவிட்டார்கள். பிறகு வந்தவை தேறியிருக்கின்றன. ஆனாலும் முக்கியமான பக்கத்தை நான் இன்றுவரை தனியாக ஒருமுறை கேட்காமல் விடுவதில்லை.)

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு லாபம் உண்டு. யாரும் அதிகம் பேசாதது. டோக்கன் என்பது மாடல் எழுத்தை நறுக்கிக்கொள்ளும் துண்டு. கட்டணமும் அந்தக் கணக்கில்தான். பழைய மாடல்களின் நறுக்குக் கத்தி ஆங்கிலத்துக்காகத் தீட்டியது. ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஒன்றிரண்டு துண்டோடு முடிந்துவிடும். தமிழ்ச் சொல்லை அது எழுத்தெழுத்தாக, சமயத்தில் எழுத்துக்குள்ளேயும் உடைத்துப் பொடிப்பொடியாக்கித்தான் விழுங்கியது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது, சாட்ஜிபிடியைத் தயாரிக்கும் ஓபன்ஏஐ ஓர் ஒப்பீட்டைக் காட்டியது. ஒரே தமிழ்ப் பகுதிக்கு முன்பு 116 டோக்கன், இப்போது 35. அதுவரை ஒரு கடிதத்துக்கு மூன்று கடிதத்தின் கூலியைக் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்று அர்த்தம். விலையும் சரிந்தது. 2023 மார்ச்சில் ஜிபிடி-4 வந்தபோது இருந்த உள்ளீட்டுக் கட்டணத்தில் இருநூறில் ஒரு பங்குக்கு 2024 ஜூலையில் ஜிபிடி-4ஓ மினி வந்துவிட்டது. இதையெல்லாம் பார்த்த பிறகும் பழசே போதும் என்று சொன்னால் அது பிடிவாதம்.

ஆனால்.

எங்கள் வகை பிரிக்கும் வேலைக்கு ஏழு பெயர்கள் உண்டு: தாமதம், பணம், சேதம், இப்படி. கடிதத்தைப் படித்து ஏழில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய மாடல் மந்தமான குமாஸ்தா. எவ்வளவு சிக்கலான கடிதமாக இருந்தாலும் "தாமதம்" என்று ஒரே சொல்லை எழுதிவிட்டுப் போகும். பத்தில் ஒன்று தப்பும். ஒரு வெள்ளிக்கிழமை இரவு புதியதற்கு மாறினோம். எந்த நிறுவனத்து மாடல் என்பது வேண்டாம், எதில் வேண்டுமானாலும் நடக்கக்கூடியது. திங்கள் காலை வந்து பார்த்தால் "மற்றவை" பெட்டியில் கடிதங்கள் குவிந்து கிடக்கின்றன. புது ஆள் என்ன செய்திருக்கிறது தெரியுமா? "தாமதம், ஆனால் பணத்தைத் திரும்பக் கேட்கும் தொனியும் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொன்றும் அருமையான வாசிப்பு. எங்களைவிட நன்றாகக் கடிதத்தைப் புரிந்துகொண்டிருக்கிறது. ஆனால் அடுத்த படியில் இருக்கும் எக்செல் சூத்திரத்துக்கு இந்த ஞானம் எல்லாம் எதற்கு? ஏழு சொல்லில் ஒன்று அச்சாகப் பொருந்தவில்லை என்றால் "மற்றவை"யில் தள்ளிவிடும். தள்ளிவிட்டது.

இதற்கு மருந்து இருக்கிறது. விடை இந்த வடிவத்தை மீறக் கூடாது என்று ஏபிஐயிலேயே (நம் மென்பொருள் மாடலோடு பேசும் வாசல்) பூட்டுப் போடும் வசதி 2024 ஆகஸ்டிலிருந்து வர ஆரம்பித்துவிட்டது. போட்டோம், சரியானது. எனக்கு உறைத்தது வேறு. எங்கள் ப்ராம்ப்ட்டை, அதாவது மாடலுக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளையை, அன்றைக்குத்தான் முழுதாக உட்கார்ந்து படித்தேன். "கண்டிப்பாக", "மறுபடியும் சொல்கிறேன்", "படிப்படியாக யோசி" என்று பக்கம் பக்கமாக மிரட்டல். எல்லாம் பழைய குமாஸ்தாவின் சோம்பலுக்காகப் போட்ட ஒட்டு. 2024 செப்டம்பரில் ஓபன்ஏஐயின் ஓ1 வந்ததிலிருந்து, தானே யோசித்துவிட்டுப் பேசும் மாடல்களுக்குப் படிப்படியாக யோசி என்று சொல்லத் தேவையில்லை, சொன்னால் கெடவும் செய்யலாம் என்று தயாரித்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். மாடலை மாற்றினால் ப்ராம்ப்ட்டையும் புதிதாக எழுத வேண்டும். அந்த வேலைக்கான நாள் கணக்கை யாரும் அறிவிப்பில் போடுவதில்லை.

அது சின்ன விபத்து. பெரியது பதில் வரைவில் நடந்தது.

பழைய மாடலின் வரைவு, பார்த்தவுடனே இயந்திரம் எழுதியது என்று காட்டிக்கொடுக்கும். "தங்களின் மேலான மின்னஞ்சல் கிடைக்கப்பெற்றோம்" என்று ஆரம்பிக்கும். எங்கள் பிள்ளைகள் தலையில் அடித்துக்கொண்டு வரிவரியாகத் திருத்துவார்கள். திருத்தும்போது தவறான தகவலும் மாட்டிக்கொள்ளும். புதியது வந்ததும் நடை மாறியது. இதமான, அளவான, மனிதர் எழுதியது போன்ற தமிழ். முதல் வாரம் எல்லாவற்றையும் படித்தார்கள். இரண்டாம் வாரம் மேலோட்டமாக. மூன்றாம் வாரம் அனுப்பு பொத்தானில் விரல் தானாகப் போனது. நான்காம் வாரம் ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்து, "விதிவிலக்கு தர்றோம்னு எழுதியிருந்தீங்களே, பணம் எப்ப வரும்?" என்றார். என்ன விதிவிலக்கு? எடுத்துப் பார்த்தோம். "உங்கள் சூழ்நிலையைக் கருதி, இந்த ஒருமுறை மட்டும் காலக்கெடுவைத் தளர்த்துகிறோம்." எங்கள் விதிமுறையில் அப்படி ஒரு வரியே கிடையாது. அந்தப் பெண்மணி தன் கஷ்டத்தை உருக்கமாக எழுதியிருந்தார், மாடல் உருகிவிட்டது. தேடியதில் அவரைப் போல இன்னும் சிலர் அகப்பட்டார்கள். எல்லாருக்கும் பணத்தைக் கொடுத்தோம். எங்கள் பெயரில் போன கடிதம், வேறு என்ன செய்ய?

வேறு ஏதாவது செய்யலாம் என்று நினைத்த ஒரு நிறுவனமும் உண்டு. 2022-இல் ஏர் கனடாவின் சாட்பாட், உறவினர் இறப்புக்காகப் பயணம் செய்கிறவர்களுக்கான சலுகை பற்றி ஒரு பயணிக்குத் தவறான தகவல் சொன்னது. வழக்கு வந்தபோது, சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று வாதாடினார்கள். 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. சாட்பாட் என்ன தனி ஆளா, அதுவும் உங்கள் இணையதளத்தின் ஒரு பகுதிதானே என்று சொல்லி இழப்பீடு கொடுக்க வைத்தது.

ஆக என் குறை புதிய மாடல் அதிகம் தவறு செய்கிறது என்பதல்ல. எண்ணிக்கையில் எங்களிடம் தவறு குறைந்துதான் இருக்கிறது. பழசின் தவறு கிழிந்த சட்டையோடு வாசலில் நிற்கும், காவலாளி நிறுத்திவிடுவார். புதுசின் தவறு கோட்டும் சூட்டுமாக வரும், அதே காவலாளி சல்யூட் அடித்து உள்ளே விடுவார். செலவுக் கணக்குப் போடுகிறவர்கள் டோக்கன் கட்டணத்தை மட்டும் பார்க்கிறார்கள். சரிபார்க்கிற மனிதரின் நேரத்தையும் அவருடைய அசட்டையையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தவறு குறைந்துகொண்டே போகும் என்பதும் எல்லா இடத்திலும் உண்மை இல்லை. 2025 ஏப்ரலில் ஓ3, ஓ4-மினி இரண்டையும் வெளியிட்டபோது ஓபன்ஏஐ தன் சோதனை முடிவையும் தந்தது. பொதுவாழ்வில் உள்ளவர்களைப் பற்றிய கேள்விகளில் பழைய ஓ1 கதை கட்டியது 16 சதவீதம். ஓ3 33, ஓ4-மினி 48. ஓ3 மொத்தத்தில் அதிகமான கூற்றுகளைச் சொல்கிறது, அதனால் சரியானதும் கூடுகிறது, தவறானதும் கூடுகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். நம் ஊரில் வாயாடி என்போமே, அந்தக் கதைதான்.

அப்படியானால் பழசையே கட்டிக்கொண்டு அழலாமா? அதுவும் முடியாது. ஓபன்ஏஐயின் பழைய மாடல் text-davinci-003 என்பதைத் தமிழில் டாவின்சி-003 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் எத்தனையோ தொழில்கள் அதன் மேல் நின்றன. 2024 ஜனவரி 4-இல் இழுத்து மூடினார்கள். 2025 ஆகஸ்டில் ஜிபிடி-5 வந்த அன்று சாட்ஜிபிடியிலிருந்து ஜிபிடி-4ஓ காணாமல் போனது. பயனர்கள் கூச்சல் போட்ட பிறகே பணம் கட்டுகிறவர்களுக்குத் திரும்பி வந்தது. பெயர் மாறாமல் குணம் மாறுவதும் உண்டு. அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில் 4ஓ திடீரென்று எதற்கெடுத்தாலும் ஜால்ரா போட ஆரம்பித்து, சில நாளில் அந்த மாற்றத்தை அவர்களே திரும்பப் பெற்றார்கள். அதனால் தேதி முத்திரை குத்திய பதிப்பு ஏபிஐயில் கிடைக்கிறதா என்று பார்த்து அதைத்தான் பிடித்துக்கொள்கிறோம். "லேட்டஸ்ட்" என்று பொதுவாக எழுதிவைத்தால், யாரோ எங்கோ இரவில் பொத்தானை அழுத்த, காலையில் நம் அலுவலகத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பான்.

வேகத்தைப் பற்றி ஒரே வரி: யோசிக்கும் மாடலை நேரடி அரட்டையில் வைக்காதீர்கள், அது யோசித்து முடிப்பதற்குள் வாடிக்கையாளர் ஜன்னலை மூடிவிடுவார்.

இப்போது பரீட்சைக்கு வருகிறேன். பழைய கடிதங்களில் அறுபதைப் பெயர், முகவரி நீக்கி ஒரு கோப்பாக வைத்திருக்கிறோம். அவற்றுக்குச் சரியான விடை எங்களுக்குத் தெரியும். அதில் பன்னிரண்டு கடிதங்கள் பொறி. "இது எனக்குத் தெரியாது, எங்கள் ஊழியரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்பது மட்டுமே அவற்றுக்குச் சரியான பதில். புது மாடல் வந்தால், இருக்கும் ப்ராம்ப்ட்டோடு ஒருமுறை, அதற்காகப் புதிதாக எழுதிய ப்ராம்ப்ட்டோடு ஒருமுறை ஓட்டுவோம். எது பழசு எது புதுசு என்று சொல்லாமல் தாள்களைக் கலைத்து அக்காவிடம் கொடுப்போம். அவர் மார்க் போடுவார். இரண்டு நாள் வேலை. இதனால் எங்களிடம் இன்று மூன்று மாடல் ஓடுகிறது. ஒப்பந்தத்துக்கு இருப்பதிலேயே பெரிய புதியது. வரைவுக்கு நடுத்தரமான ஒன்று. வகை பிரிக்க, பலரும் மறந்தேவிட்ட சின்னப் பழசு. அது ஓய்வு பெறும் தேதியைத் தம்பி காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறார், கொஞ்சம் சந்தோஷத்தோடு.

போன வாரப் பரீட்சையில் ஒரு தகராறு. இரண்டே வரிக் கடிதம்: "பொருள் வந்து சேர்ந்தது. நன்றி சொல்ல மனம் வரவில்லை." பழையது "மற்றவை" என்றது. புதியது "தாமதம்" என்றது. அந்த வாடிக்கையாளரை அந்தக் காலத்திலேயே நாங்கள் அழைத்துப் பேசியிருந்தோம். தேவைப்பட்ட நாளுக்கு மறுநாள்தான் பொருள் கிடைத்திருக்கிறது. தாமதமேதான்.

"பாத்தீங்களா அண்ணே!" என்று தம்பி குதித்தார். அக்காவும், "சரியாச் சொல்லியிருக்கு, மார்க் போட்டுடலாம் சார்" என்றார்.

கடிதத்தில் தாமதம் என்று எங்கே இருக்கிறது என்று கேட்டேன். சேதமாக இருந்திருக்கலாம், நிறம் மாறியிருக்கலாம். எழுதாததைத் தானே நிரப்பிக்கொண்டது, இந்த முறை பொருந்திவிட்டது. விதிவிலக்குக் கொடுத்ததும் இதே புத்திதானே? அக்கா யோசித்தார். அப்புறம், "அப்ப பழசுக்கு மார்க் போடவா? அது கடிதத்தப் படிச்ச மாதிரியே தெரியலையே" என்றார்.

அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.